ஏழு மஞ்சள் ஜெர்சிகள்: லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் விவகாரமும் அதை முன்பே சொன்னவர்களும்

1999 ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பத்தாம் கட்டம் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் தொடங்கி ஆல்ப் துவெஸ் மலை உச்சியில் முடிய வேண்டும். கடைசியில் கடும் ஏற்றம் காத்திருந்ததால், முதல் பாதியை நிதானமாக ஓட்டலாம் என்று வீரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சை மீறி ஓர் இளைஞர் தனியாக முன்னால் பாய்ந்தார். பெயர் கிறிஸ்டோஃப் பாஸோன், வயது 25. மொத்தக் கூட்டமும் துரத்தி அவரைப் பிடித்தது. மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை அணிந்திருந்தவர் பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்தார். நீ பேசுவதெல்லாம் சைக்கிள் பந்தயத்துக்குக் கெடுதல் என்றார். அடுத்த தலைமுறை வீரர்களை நினைத்துத்தான் பேசுகிறேன் என்றார் பாஸோன். அப்படியானால் பந்தயத்தை விட்டுப் போய்விடு என்று பதில் வந்தது.

பாஸோன் செய்த குற்றம் இவ்வளவுதான்: பந்தய நாட்களில் 'லெ பாரிசியன்' நாளிதழில் பத்தி எழுதினார். ஊக்கமருந்து ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒழியவில்லை என்று அதில் எழுதினார். இரண்டு நாள் கழித்து, யாரும் தன்னோடு பேசாத தனிமையைத் தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மஞ்சள் ஜெர்சிக்காரரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பாரிஸ் வரை போய் முதல் முறையாகக் கோப்பையை வென்றார்.

ஆம்ஸ்ட்ராங் விவகாரம் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது: ஒரு மனிதரால் இத்தனை ஆண்டுகள் உலகத்தையே எப்படி ஏமாற்ற முடிந்தது? இந்த விவகாரத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், கேள்வியே கொஞ்சம் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மை முதல் ஆண்டிலேயே வெளியே வந்துவிட்டது. பெயர் சொல்லி, முகம் காட்டி, சிலர் சத்தியப் பிரமாணம் செய்தும் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்த விவகாரத்தின் முக்கியமான பகுதி. அதனால் இந்த ஆய்வில் பாதிக்கு மேல் அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பின்னணி

1998 ஜூலையில், டூர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் ஓட்டி வந்த கார் பெல்ஜிய எல்லையில் சோதனைக்காக நிறுத்தப்பட்டது. காருக்குள் நூற்றுக்கணக்கான ஊக்கமருந்துக் குப்பிகள் இருந்தன. ஃபெஸ்டினா அணி வெளியேற்றப்பட்டது, விடுதிகளில் போலீஸ் நுழைந்தது, வேறு சில அணிகள் தாமாகவே விலகின. அந்த ஆண்டு புறப்பட்ட 189 பேரில் பாரிஸ் போய்ச் சேர்ந்தவர்கள் 96 பேர். பாஸோனும் அப்போது ஃபெஸ்டினா வீரர்தான். ஆனால் இவர் மருந்தைத் தொடாதவர் என்று விசாரணையில் அணியின் மற்ற வீரர்களே சொன்னார்கள்.

அதனால் 1999ஆம் ஆண்டுப் பந்தயத்தை 'புதுப்பிறப்பின் டூர்' என்று அழைத்தார்கள். மருந்து ஒழிந்தால் வேகம் குறைய வேண்டும் அல்லவா? அந்த ஆண்டின் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியது. அதுவரையான டூர் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். இந்த ஒரு எண்ணே பலரைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டு எல்லோருக்கும் ஒரு நல்ல கதை தேவைப்பட்டது, அந்தக் கதையும் கையில் கிடைத்திருந்தது.

ஆம்ஸ்ட்ராங் டெக்சாஸ் மாநிலத்துக்காரர், தாயின் கையில் வளர்ந்தவர், 1993இல் 21 வயதில் உலக சாம்பியன். 1996 அக்டோபரில் விந்தகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. இண்டியானாபொலிஸ் நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் கீமோதெரப்பியும் நடந்தன. பிழைத்தார். பிரெஞ்சு அணியொன்று கைவிட, அமெரிக்க அஞ்சல் துறையின் பணத்தில் ஓடிய யு.எஸ். போஸ்டல் அணி சேர்த்துக்கொண்டது. மூன்றாண்டுகூட முழுதாக முடியவில்லை, உலகத்தின் மிகக் கடினமான சைக்கிள் பந்தயத்தை வென்றார். அப்புறம் 2005 வரை ஆண்டு தவறாமல், மொத்தம் ஏழு முறை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நோய் உண்மை. சிகிச்சையும் உண்மை. அவர் தொடங்கிய அறக்கட்டளை புற்றுநோயாளிகளுக்காகக் கோடிக்கணக்கான டாலர் திரட்டியதும் உண்மை. 2004இல் அது வெளியிட்ட ஒரு டாலர் மஞ்சள் ரப்பர் பட்டை உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. அதன் நகல்களை நம் ஊர்க் கல்லூரிப் பையன்களின் மணிக்கட்டிலும் பார்த்திருக்கிறேன். கீமோ ஏற்றும் அறையில் அந்தப் பட்டையைத் தடவிக்கொண்டு படுத்திருந்த யாரையும் ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே உண்மைதான் பொய்க்குக் கேடயமாகவும் ஆனது. சாவின் வாசலைத் தொட்டு வந்தவன் தன் உடம்பில் மீண்டும் விஷத்தை ஏற்றிக்கொள்வானா என்று அவர் கேட்பார். கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

மருந்தும் அது வேலை செய்யும் விதமும்

நம் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. சுருக்கமாக ஈ.பி.ஓ. சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளை இடுவது இதுதான். இதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறை வந்து, 1980களின் இறுதியில் சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கான மருந்தாகக் கடைக்கு வந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் லட்சக்கணக்கானோருக்கு அது வரப்பிரசாதம். ஆரோக்கியமான சைக்கிள் வீரருக்கு ஏற்றினால் சிவப்பணு பெருகும், தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும், மலையேற்றத்தில் மற்றவர் மூச்சு வாங்கும்போது இவர் இன்னொரு முறை பாய முடியும். கூடவே இரத்தம் கெட்டிப்பட்டுக் குழாயில் உறையும் ஆபத்தும் வரும்.

1990கள் முழுக்க ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. அதனால் சர்வதேச சைக்கிள் சங்கம் 1997இல் ஓர் இடைக்கால வழியைக் கொண்டுவந்தது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை ஹீமடோகிரிட் என்பார்கள். பெரும்பாலான ஆண்களுக்கு அது 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும். 50ஐத் தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு என்பதுதான் புது விதி. வரம்பாக வைத்த 50, வீரர்களுக்கு எட்ட வேண்டிய இலக்காக மாறிவிட்டது. கையடக்க மையவிலக்குக் கருவியை வாங்கி விடுதி அறையிலேயே தினமும் அளந்து பார்த்தார்கள். 49க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் போதும்.

'எல்லோரும்தானே எடுத்தார்கள், அப்போது போட்டி சமம்தானே' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. பிறவியிலேயே 48 இருக்கும் ஒருவருக்கு ஏற இன்னும் இரண்டு படிதான் பாக்கி. 40 இருப்பவருக்குப் பத்துப் படி இருக்கிறது. மருந்து ஒவ்வோர் உடம்பிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது. அதோடு, யாரிடம் நல்ல மருத்துவர் இருந்தார் என்பதும் முடிவைத் தீர்மானித்தது. ஆம்ஸ்ட்ராங்கிடம் இத்தாலியின் ஃபெராராவைச் சேர்ந்த மிக்கேலே ஃபெராரி இருந்தார். பத்து லிட்டர் ஆரஞ்சுச் சாறு குடிப்பதும்தான் ஆபத்து என்று 1994இலேயே ஈ.பி.ஓ. பற்றிச் சொல்லிப் பெயர் வாங்கியவர் அவர். ஆம்ஸ்ட்ராங் தரப்பிலிருந்து ஃபெராரியின் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிருந்ததைப் பின்னால் வங்கிக் கணக்குகள் காட்டின. மாதச் சம்பளத்தில் வாடகை கட்டும் சாதாரண வீரருக்கு இது கிட்டுமா?

2000-2001 வாக்கில் சிறுநீரில் ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கும் பிரெஞ்சுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மாற்று வழி தயாரானது. தோலுக்கடியில் போடும் பெரிய ஊசிக்குப் பதில், சிறு அளவை நேராக இரத்தக் குழாயில், இரவில் ஏற்றினார்கள். காலையில் சோதனைக்காரர் கதவைத் தட்டும் நேரத்துக்குள் தடயம் மறைந்துவிடும். இன்னொரு வழி, சொந்த இரத்தத்தையே எடுத்துப் பாதுகாத்து வைத்துப் பந்தயத்தின் நடுவே திரும்ப ஏற்றிக்கொள்வது. 2000ஆம் ஆண்டு ஜூனில் தாங்கள் மூன்று பேர் தனி விமானத்தில் ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் பறந்து ஆளுக்கு அரை லிட்டர் இரத்தம் கொடுத்து வந்ததை ஆம்ஸ்ட்ராங்கின் அணித்தோழர் டைலர் ஹாமில்டன் பின்னர் விவரித்தார். ஜூலையில், வான்டூ மலை ஏற்றத்துக்கு முன்பு, அந்தப் பைகள் விடுதி அறைச் சுவரில் தொங்கின. குளிர்ந்த இரத்தம் உள்ளே போகப் போக உடம்பு நடுங்குமாம். 2004இல் ஒருநாள் அணிப் பேருந்து மலைச் சாலையில் பழுதாகி நின்றதுபோல நடித்து, உள்ளேயே வீரர்களுக்கு இரத்தம் ஏற்றியதாக இன்னோர் அணித்தோழர் ஃபிளாய்ட் லாண்டிஸ் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு நுட்பம் எதற்கென்று கேட்டால், பல நேரம் நுட்பமே தேவைப்படவில்லை என்பதுதான் பதில். 1998 உலகப் போட்டியின்போது இரத்தச் சோதனைக்காரர் வந்து காத்திருக்கையில், அணி மருத்துவர் மழைக்கோட்டுக்குள் ஒரு லிட்டர் சலைன் பையை மறைத்து, அவரைத் தாண்டிக் கொண்டுபோய் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றி, இரத்தத்தை நீர்க்க வைத்தார். 2000இல் ஸ்பெயினில் ஒரு பந்தயத்தில் சோதனைக்காரர்கள் விடுதிக்கு வந்திருக்கும் தகவலை அணித்தோழர் ஜார்ஜ் ஹின்கேப்பி கைப்பேசியில் அனுப்பினார். ஆம்ஸ்ட்ராங் பந்தயத்தை விட்டு விலகிக்கொண்டார். '500 சோதனைகளில் தேறியவன்' என்று பின்னாளில் அவர் பெருமை பேசியதன் உள்விவரம் இது.

சொன்னவர்கள்

இண்டியானாபொலிஸ் மருத்துவமனைக்குத் திரும்புவோம். 1996 அக்டோபர் 27. அறையில் ஆம்ஸ்ட்ராங்கின் நண்பர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் அணித்தோழர் ஃபிராங்கி ஆண்ட்ரூவும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெட்சியும் உண்டு. மருத்துவர்கள் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். ஊக்கமருந்து எதுவும் எடுத்ததுண்டா என்பதும் அதில் ஒன்று. ஈ.பி.ஓ., டெஸ்டோஸ்டிரோன், வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசோன், ஸ்டீராய்டு என்று ஆம்ஸ்ட்ராங் வரிசையாகச் சொன்னதைக் கேட்டதாக பெட்சி சொல்கிறார். அறையை விட்டு வெளியே வந்ததும் ஃபிராங்கியிடம், நீயும் இதெல்லாம் செய்தால் நம் கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டார். ஃபிராங்கியும் எடுத்தவர்தான். 1999 பந்தயத்துக்காக ஈ.பி.ஓ. எடுத்ததை 2006இல் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பெட்சி கேட்டதைச் சத்தியப் பிரமாணத்தோடு சொல்லும் வேளை 2005இல் வந்தது. டல்லாஸைச் சேர்ந்த எஸ்.சி.ஏ. புரமோஷன்ஸ் என்ற நிறுவனம், ஆம்ஸ்ட்ராங் ஆறாவது முறை வென்றதற்கான 50 லட்சம் டாலர் பரிசுத் தொகையைத் தர மறுத்தது. மருந்து எடுத்து வென்றதாகச் சந்தேகம். நடுவர் மன்றத்துக்குப் போயிற்று வழக்கு. ஆம்ஸ்ட்ராங்கும் சத்தியம் செய்தார்: ஒருபோதும் எடுத்ததில்லை. ஒப்பந்த வாசகங்கள் அவர் பக்கம் சாய்ந்திருந்ததால் 2006இல் நிறுவனம் 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. தான் குற்றமற்றவன் என்று நிரூபணமானதாக அவர் அறிவித்துக்கொண்டார். ஆண்ட்ரூ தம்பதிக்குச் சைக்கிள் உலகத்தில் கதவுகள் மூடிக்கொண்டன. பெட்சிக்குப் பைத்தியம், பொறாமை, பழிவாங்கும் வெறி என்று பட்டங்கள் கிடைத்தன.

எம்மா ஓ'ரைலியின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. டப்ளினிலிருந்து வந்த இளம்பெண், யு.எஸ். போஸ்டல் அணியில் வீரர்களுக்கு மசாஜ் செய்வது, உணவுப் பை தயாரிப்பது போன்ற வேலைகளைப் பார்த்தவர். 1999 பந்தயத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் தடை செய்யப்பட்ட கார்ட்டிகோஸ்டீராய்டின் தடயம் கிடைத்தது. அணியினர் பதறிப்போய், இருக்கைப் புண்ணுக்குக் களிம்பு தடவினார் என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றைத் தயாரித்தார்கள். மசாஜ் அறையில் அந்தப் பேச்சை எம்மா காதாரக் கேட்டார். விதிப்படி மருந்துச் சீட்டு முன்கூட்டியே தரப்பட்டிருக்க வேண்டும். சைக்கிள் சங்கம் அதைப் பார்க்காததுபோல ஏற்றுக்கொண்டது. வாகனத்தில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தது, கையில் ஊசித் தழும்பை மறைக்க ஒப்பனைப் பொருள் வாங்கித் தந்தது எல்லாவற்றையும் 2003இல் 'சண்டே டைம்ஸ்' செய்தியாளர் டேவிட் வால்ஷிடம் எம்மா சொன்னார். மறு ஆண்டு அது பிரெஞ்சில் புத்தகமாக வந்தது.

உடனே வழக்குகள் பாய்ந்தன. அந்த விவரங்களை எடுத்து எழுதிய 'சண்டே டைம்ஸ்' மீது ஆம்ஸ்ட்ராங் இங்கிலாந்தில் அவதூறு வழக்குப் போட்டு, சமரசமாகச் சுமார் மூன்று லட்சம் பவுண்டு வாங்கினார். எம்மாவை விலைமாது என்ற சொல்லால் குறிப்பிட்டார். வேலை செய்த இடத்தில் கண்டதைச் சொன்ன ஒரு பெண்ணை வீழ்த்த மிக எளிய வழி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டதை எந்தக் காலத்திலாவது மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஃபிலிப்போ சிமியோனி. இத்தாலிய வீரர், ஃபெராரியிடம் முன்பு சிகிச்சை பெற்றவர். ஃபெராரி தனக்கு ஈ.பி.ஓ. பரிந்துரைத்ததாக இத்தாலிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சிமியோனி பொய்யர் என்றார் ஆம்ஸ்ட்ராங். 2004 டூரின் 18ஆம் கட்டத்தில், மொத்தத்தில் எங்கோ கீழே இருந்த சிமியோனி முன்னணிச் சிறு குழுவைப் பிடிக்கக் கிளம்பினார். அவரால் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு நொடி ஆபத்தும் கிடையாது. இருந்தும் மஞ்சள் ஜெர்சியே நேரில் துரத்தி வந்தது. சிமியோனி திரும்பிப் போனால்தான் உங்களை விடுவேன் என்று முன்னால் போனவர்களிடம் நிபந்தனை. தன்னால் அவர்களுக்குக் கெடுதல் வேண்டாம் என்று சிமியோனி பின்வாங்கினார். கூட்டத்துக்குத் திரும்பியபோது மற்ற வீரர்கள் அவரைத் திட்டினார்கள். ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து உதட்டின் மேல் ஜிப்பை இழுப்பதுபோல விரலை ஓட்டிக் காட்டினார். உலகமே நேரலையில் பார்த்த காட்சி இது. வேறு என்ன ஆதாரம் வேண்டியிருந்தது?

மூன்று முறை டூர் வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 2001இல், ஃபெராரியோடு உறவு வைத்திருப்பது வருத்தம் தருகிறது என்றுதான் சொன்னார். சில வாரங்களில் தன் சொற்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர் பெயரில் சைக்கிள் தயாரித்துவந்த டிரெக் நிறுவனம்தான் ஆம்ஸ்ட்ராங்குக்கும் சைக்கிள் தந்துவந்தது. அந்த வியாபாரம் பின்னர் நீதிமன்றத்தில் போய் முடிந்தது.

2005 ஆகஸ்டில் பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் 'லெக்கிப்', 1999ஆம் ஆண்டின் உறைய வைத்த மாதிரிகளை ஆய்வகம் ஆராய்ச்சிக்காக மறுபடி சோதித்ததையும், ஆம்ஸ்ட்ராங்கின் ஆறு மாதிரிகளில் ஈ.பி.ஓ. இருந்ததையும் வெளியிட்டது. நடைமுறை சரியில்லை என்ற காரணத்தில் அதுவும் அடக்கப்பட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் பாரிஸ் மேடையில் ஏழாவது வெற்றியோடு நின்று, நம்பாதவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது, அவர்களால் பெரிய கனவு காண முடியவில்லை, அற்புதங்களை நம்ப முடியவில்லை என்று பேசியிருந்தார்.

உடைந்தது எங்கே

சோதனைக் குழாயில் உடையவில்லை. ஒரு மனிதரின் மனத்தில் உடைந்தது. ஃபிளாய்ட் லாண்டிஸ் பென்சில்வேனியாவின் கட்டுப்பாடான மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆம்ஸ்ட்ராங்குக்கு உதவி வீரராக மலையேறி, 2006இல் தானே டூரை வென்றவர். சில நாளிலேயே டெஸ்டோஸ்டிரோன் சோதனையில் சிக்கினார். நிரபராதி என்று சாதித்தார், ரசிகர்களிடம் நிதி திரட்டி வழக்காடினார், தோற்றார். தண்டனை முடிந்து வந்தபோது எந்தப் பெரிய அணியும் சேர்க்கவில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் புது அணியிலும் இடமில்லை. 2010 வசந்தத்தில் தான் செய்ததையும் கண்டதையும் ஆண்டுவாரியாக எழுதி அமெரிக்கச் சைக்கிள் அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நோக்கம் தூய்மையானதா என்று பலர் கேட்டார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் எழுதியது உண்மையாக இருந்தது.

அஞ்சல் துறை அரசுடையது என்பதால் அரசுப் பணம் மோசடியானது என்ற கோணத்தில் மத்திய விசாரணை தொடங்கியது. இங்கேதான் ஒரு பெரிய மாற்றம். செய்தியாளரிடம் பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது. மத்திய அதிகாரியிடம் பொய் சொன்னால் சிறை. ஓட்ட வீராங்கனை மரியன் ஜோன்ஸ் 2008இல் அப்படித்தான் உள்ளே போனார். பத்தாண்டு மௌனம் காத்த வீரர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். 2012 பிப்ரவரியில் அந்த விசாரணை திடீரென்று கைவிடப்பட்டாலும், டிராவிஸ் டைகார்ட் தலைமையிலான அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அதே சாட்சிகளைத் தானே அணுகியது. அதைத் தடுக்க ஆம்ஸ்ட்ராங் ஆஸ்டின் நீதிமன்றத்துக்குப் போனார். தோற்றார். ஆகஸ்ட் 23ஆம் தேதி, இனி வாதாடப் போவதில்லை என்று அறிவித்தார்.

அக்டோபர் 10ஆம் தேதி முகமை தன் முடிவை வெளியிட்டது: ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரம், 26 பேரின் சாட்சியம், அதில் 11 பேர் அவருடைய அணித்தோழர்கள். விளையாட்டு உலகம் இதுவரை கண்டதிலேயே மிக நுட்பமான, மிக வெற்றிகரமான ஊக்கமருந்துத் திட்டம் என்று அது இதைக் குறிப்பிட்டது. பழைய குற்றத்துக்கு எட்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. ஆனால் சத்தியம் செய்து பொய் சொல்லி உண்மையை மறைத்தவருக்கு அந்த வரம்பின் பாதுகாப்பு கிடையாது என்று முகமை வாதிட்டது. 2005இல் எஸ்.சி.ஏ. வழக்கில் சொன்ன பொய் ஏழு ஆண்டு கழித்து வந்து காலை வாரியது.

அந்தச் சாட்சியங்களில் டேவிட் ஸப்ரிஸ்கியுடையதை என்னால் மறக்க முடியவில்லை. போதைப் பழக்கத்தால் அழிந்த தந்தையின் வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பையன் சைக்கிளில் ஏறினான். போதைப் பொருளைத் தொடவே மாட்டேன் என்று சபதமும் எடுத்திருந்தான். 2003இல் ஸ்பெயினின் ஹிரோனாவில் அணி மேலாளர் யோஹான் புருனேலும் அணி மருத்துவரும் ஊசியை முன்னால் நீட்டினார்கள். கேள்விமேல் கேள்வி கேட்டுப் பார்த்தான், கடைசியில் கையை நீட்டினான். அன்று இரவு உடைந்து அழுதான். வீரநாயகனின் வீழ்ச்சியை எல்லோரும் எழுதினார்கள். கீழே நின்றவர்கள் விழுந்தது இப்படித்தான், சத்தமே இல்லாமல்.

மற்றது வேகமாக நடந்தது. அக்டோபர் 17 அன்று நைக்கி விலகியது, அன்றே அறக்கட்டளைத் தலைவர் பதவியிலிருந்தும் ஆம்ஸ்ட்ராங் விலகினார். 22ஆம் தேதி சர்வதேச சைக்கிள் சங்கம் ஏழு பட்டங்களையும் பறித்தது. நவம்பரில், சுவரில் மாட்டிய ஏழு மஞ்சள் ஜெர்சிகளுக்கு நடுவே சோபாவில் சாய்ந்திருக்கும் படத்தை அவர் டுவிட்டரில் போட்டார். 2013 ஜனவரியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் முன் உட்கார்ந்து, ஏழு வெற்றிகளிலும் மருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டார். ஓய்விலிருந்து 2009இல் திரும்பி வந்தபோது எடுக்கவில்லை என்று மட்டும் மறுத்தார். அந்தக் காலத்து இரத்த அளவுகள் இயற்கையாக வர வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை என்று நிபுணர் சொல்லியிருந்தார்.

யார் யாருக்குப் பொறுப்பு

முதல் பொறுப்பு ஆம்ஸ்ட்ராங்குடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்தது சர்வதேச சைக்கிள் சங்கம். தான் சோதிக்க வேண்டிய வீரரிடமிருந்தே 2002இல் 25,000 டாலரும் பின்னர் ஒரு லட்சம் டாலரும் நன்கொடை வாங்கியது. 2015இல் வெளியான சுயேச்சை ஆணைய அறிக்கை, பணம் கொடுத்துச் சோதனை முடிவை மறைத்ததற்கு ஆதாரமில்லை என்றது. ஆனால் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சங்கம் சலுகை காட்டியது, அவரைக் காப்பாற்றியது என்பதைத் தெளிவாகவே சொன்னது. காவல்காரருக்குப் பந்தயத்தின் பெயர் கெடாமல் இருப்பதே முக்கியமாகிவிட்டால், திருடனைப் பிடிப்பது அவருக்கே நஷ்டம்.

தண்டனையில் ஓர் உறுத்தல் இருக்கிறது. உண்மை சொன்ன வீரர்களுக்கு ஆறு மாதத் தடை, அதுவும் பெரும்பகுதி பந்தயமில்லாத குளிர்காலத்தில். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆயுள் தடை. இருவரும் ஒரே ஊசியைத்தானே போட்டுக்கொண்டார்கள் என்று கேட்கலாம். ஊசிக்கு மட்டும் தண்டனை என்றால் கேள்வி நியாயம். ஆனால் பெட்சியையும் எம்மாவையும் சிமியோனியையும் ஒருவர்தான் துரத்தினார். அந்த வித்தியாசத்தைத் தண்டனை கணக்கில் எடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டுகளில் வீழ்ந்த இன்னொருவர் இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி. 1999 ஜூன் 5, இத்தாலியப் பந்தயத்தில் வெற்றிக்கு இரண்டு கட்டத் தூரத்தில் இருந்தவரின் ஹீமடோகிரிட் 52. அன்றே வெளியேற்றிவிட்டார்கள். அப்புறம் அவர் பழைய நிலைக்கு எழவே இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினியில் ஒரு விடுதி அறையில் போதைப் பொருளால் இறந்து கிடந்தார். வயது 34. வழக்கறிஞர் படையும் அறக்கட்டளையும் விளம்பர நிறுவனங்களும் சுற்றி நிற்காத நாயகனுக்கு அந்த ஒற்றை எண்ணே போதுமானதாக இருந்தது.

பணக் கணக்குகள் 2018 வரை நீண்டன. எஸ்.சி.ஏ. நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று 2015இல் நடுவர் மன்றம் உத்தரவிட்டது. அஞ்சல் துறை வழக்கில் அரசு கேட்டது கிட்டத்தட்ட பத்துக் கோடி டாலர், சமரசத்தில் கிடைத்தது 50 லட்சம். அதில் 11 லட்சம், முதலில் வழக்குத் தொடுத்த லாண்டிஸுக்குப் போனது. 1999 முதல் 2005 வரை டூரின் முதல் மூன்று இடங்களில் நின்ற 21 பேரில் இருபது பேர் ஏதாவது ஒரு வகையில் ஊக்கமருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள் என்று முகமை கணக்குக் காட்டியது. அதனால் அந்த ஏழு ஆண்டுப் பட்டங்கள் இரண்டாம் இடத்தவருக்குத் தரப்படவில்லை. வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு வரிகளும் காலி.

சிமியோனி 2008இல் இத்தாலியின் தேசிய சாம்பியன் ஆனார். மறு ஆண்டு இத்தாலியப் பந்தயத்துக்கு அவர் அணிக்கு அழைப்பு வரவில்லை. ஆம்ஸ்ட்ராங்குக்கு வந்தது. சிமியோனி தன் சாம்பியன் ஜெர்சியை இத்தாலியச் சைக்கிள் சங்கத்திடமே திருப்பிக் கொடுத்தார். 2013 இறுதியில் ஆம்ஸ்ட்ராங் எம்மாவையும் சிமியோனியையும் பாஸோனையும் சந்தித்து நேரில் மன்னிப்புக் கேட்டார். மூவரும் கையை நீட்டிக் குலுக்கினார்கள்.

பாஸோன் 2001இல், 27 வயதிலேயே ஓய்வு பெற்று, பிரெஞ்சு அரசின் விளையாட்டுத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பார்த்த வேலை, போர்தோ வட்டாரத்துப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைகளை ஏற்பாடு செய்வது.